தண்டவாளத்துக்கு அங்காலை ஒரு படிக்கட்டு

இந்த நகரத்தில் முதன்முதலில் கறிவேப்பிலை விற்ற கடை என்னுடையது. அதற்கு முன்னம் ஒரு பிடி கறிவேப்பிலைக்காக எங்கள் பெண்கள் ரயில் ஏறி டுசல்டோர்ஃப் போய் வந்தார்கள். இன்றைக்கு எல்லாரும் கலியாணம் செய்கிற மண்டபம் ஒரு காலத்தில் கூரை ஒழுகின தச்சுப் பட்டறை. அதற்கு ஓடு பதித்தது நான், தண்ணீர்க் குழாய் இழுத்தது நான், மேடைக்குப் பலகை அறுத்தது நான். கோயில் மடைப்பள்ளியில் புகை வெளியே போக வழி செய்தவனும் நான்தான். சொந்த வீடு கட்டினேன். இரண்டு பெண்பிள்ளைகளைப் படிப்பித்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் இவ்வளவும் செய்தேன். டொச் என்கிற ஜெர்மன் மொழியில் ஒரு வரி எழுத இன்றைக்கும் ஏலாது. ஆனால் டொச்சுக்காரர்களை வேலைக்கு வைத்துச் சம்பளம் குடுத்திருக்கிறேன்.

இதெல்லாம் எங்கள் சங்கம் போன வருசம் போட்ட மலரில் வந்திருக்கிறது. சந்தோசம். ஆனால் இதற்கெல்லாம் முன்னம் நான் செய்த வேலை ஒன்று இருக்கிறது. அது அந்த மலரில் இல்லை. அது இருக்க வேண்டிய பக்கத்தில் வேறொருவருடைய படம் இருக்கிறது. ஒரு வீட்டு வாசலில், கல் படியில், கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு, நாங்கள் மாஸ்டர் என்று கூப்பிடுகிற வாத்தியார் நிற்கிறார். பக்கத்தில் வீட்டுக்கார டொச்சு அம்மா. கீழே ‘எம்மவருக்கு இந்தக் குடியிருப்பின் கதவைத் திறந்தவர்’ என்று எழுதியிருக்கிறார்கள்.

அந்தப் பக்கத்தைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு ஒழுங்கான நித்திரை இல்லை. என் மனுசி கேட்கிறா, ‘இவ்வளவு வயதுக்குப் பிறகு என்ன பொறாமை?’ என்று. ஓம், பொறாமைதான். ஆனால் எங்கேயிருந்து வந்த பொறாமை என்று கேளுங்கோ.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு வந்து சேர்ந்தவன் நான். எங்களை வைத்திருந்த ஹைம், அதாவது அகதி முகாம், ஒரு பழைய செங்கல் கட்டடம். ஒரு பக்கம் தொழிற்சாலை, மற்றப் பக்கம் ரயில் தண்டவாளம். ஒரு அறையில் அடுக்குக் கட்டில்கள் போட்டு எட்டு ஆம்பிளைகள். என்னுடையது மேல் கட்டில். அதில் படுத்தால் யன்னலுக்கூடாகத் தண்டவாளத்துக்கு அங்காலை இருந்த குடியிருப்பு தெரியும். இரண்டாம் உலகச் சண்டை முடிந்த பிறகு தொழிலாளருக்கென்று கட்டின வீடுகள். எல்லாம் ஒரே அச்சு, மூன்று மாடி, யன்னலுக்கு யன்னல் பூச்சட்டி. பின்னேரத்தில் அங்கே ஒவ்வொரு வெளிச்சமாக வரும். முகம் தெரியாத அந்தச் சனத்தில் எனக்குப் பொறாமை. யன்னல் சீலையை இழுத்து மூடுகிறார்களே, அந்த உரிமையில் பொறாமை. எங்கள் அறையில் மூடுகிறதுக்குச் சீலையும் இல்லை, மூடி மறைக்க ஒன்றும் இல்லை.

என் மனுசியும் இரண்டு பிள்ளைகளும் அப்போது கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தார்கள். எனக்கு விசா கிடைத்துவிட்டது. ஒரு உணவுச்சாலையில் கோப்பை கழுவுகிற வேலையும் கிடைத்துவிட்டது. குடும்பத்தைக் கூப்பிடலாம் என்று விசா குடுக்கிற கந்தோரில் சொன்னார்கள், ஆனால் அவர்கள் வந்து இருக்க ஒரு வீடு இருக்க வேணும். ஹைம் கட்டில் வீடு இல்லை.

வீடு தேடுகிறது என்றால் சனிக்கிழமைப் பேப்பர். விளம்பரத்தைப் பார்த்து, ஸ்டேசனடி ரெலிபோன் பெட்டிக்குள் நின்று, மனப்பாடம் செய்த வசனத்தைச் சொல்லுவேன். அந்தப் பக்கம் ஒரு கேள்விதான் வரும், எந்த நாடு என்று. நாட்டைச் சொன்னதும், ‘இப்பத்தான் குடுத்தாச்சு.’ கிழமைக்குக் கிழமை இதுதான். நான் முதன்முதலில் நன்றாக விளங்கிக்கொண்ட டொச் வசனம் அதுதான்.

உணவுச்சாலைச் சமையற்காரன் நல்ல மனுசன். வயிறு பெரிசு, வாய் அதைவிடப் பெரிசு. ஒருநாள் அவன் என்னோடு ரெலிபோன் பெட்டிக்கு வந்தான். நான் கேட்டேன், குடுத்தாச்சு என்றார்கள். நான் வைத்த சூடு ஆறமுதல் அவன் அதே இலக்கத்துக்கு எடுத்தான். அவனுக்கு, ‘நாலு மணிக்கு வந்து பாருங்கோ, நல்ல வெளிச்சமான வீடு’ என்றார்கள். ரெலிபோனை வைத்தபோது அவனுடைய காது இரண்டும் சிவந்துபோய்விட்டது. எனக்கு ஒரு சிகரட் நீட்டினான்.

அவன் வெட்கப்பட்டான். நான் ஆச்சரியப்படவில்லை. எந்த வேலிக்கு அங்காலை எந்த ஆக்கள் குடியிருக்கலாம் என்று எங்கள் ஊரிலும் ஒரு சட்டம் இருந்தது. அதை ஒருவரும் எழுதி வைக்கவில்லை, எல்லாருக்கும் தெரியும். நான் அந்த வேலியின் பிழையான பக்கத்தில் பிறந்தவன். ‘குடுத்தாச்சு’ எனக்குப் புதிசில்லை, அதைச் சொன்ன மொழிதான் புதிசு.

அந்தச் சமையற்காரன் மூலமாகத்தான் வீட்டுக்கார அம்மா பழக்கம். ஞாயிற்றுக்கிழமையில் தேவாலயம் முடிந்து எங்கள் உணவுச்சாலைக்குச் சூப் குடிக்க வருவா. தண்டவாளத்துக்கு அங்காலை, மூலை வீடு அவவுடைய சொந்தம். கீழே அவ, நடுவில் ஒரு குடும்பம், மேலே கூரைக்குக் கீழே தனியாக ஒரு கிழவர். கிழவர் இளவேனிலில் மகனோடு போகிறாராம், வீடு காலியாகுமாம். சமையற்காரன் என்னைக் குசினியிலிருந்து இழுத்துக்கொண்டுபோய் அவவுக்கு முன்னால் நிறுத்தினான்.

அவ என்னை மேலும் கீழும் பார்த்தா. தனக்கு ஒன்றுமில்லையாம், ஆனால் மற்றவர்கள் என்ன சொல்லுவார்களோ. வெளிநாட்டுக்காரர் படி துடைக்க மாட்டார்களாம்.

இதை விளங்கப்படுத்த வேணும். அந்த வீடுகளில் மாடிப்படியும் வாசல் கல்லும் எல்லாருக்கும் பொது. கிழமைக்கு ஒரு வீட்டுக்காரர் என்று முறை வைத்துத் துடைப்பார்கள். யாருடைய முறையோ அவருடைய கதவில் ஒரு சின்னப் பலகை தொங்கும். முறை முடிந்தால் அந்தப் பலகையை அடுத்த கதவில் மாட்டிவிட வேணும். வாடகை பிந்தினால் பொறுத்துக்கொள்ளுவார்கள், படி துடைக்காவிட்டால் பொறுக்க மாட்டார்கள்.

நான் சமையற்காரனைப் பார்த்துச் சொன்னேன், ‘வீடு பிறகு தரட்டும். படியை நான் இப்பவே துடைக்கிறன் எண்டு சொல்லு.’

அவன் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டு மொழிபெயர்த்தான். அவ சிரிக்கவில்லை. அவவுக்கு முழங்கால் நோ, கிழவருக்கு நாரி நோ, குனிய ஏலாது. அவர்கள் இரண்டு பேருடைய முறைக்கும் வரச் சொன்னா.

முதல் சனிக்கிழமை நான் செய்த வேலையை ஊரே சொல்லிச் சிரித்தது. வீடு கழுவுகிறது என்றால் எங்களுக்கு என்ன? வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, தும்புத்தடியால் தேய்த்து, முற்றத்துக்குத் தள்ளிவிடுகிறதுதானே. மேல்மாடியில் நின்று ஒரு வாளித் தண்ணீரை அப்படியே கவிழ்த்தேன். அது மெழுகு பூசின மரப்படி. தண்ணீர் போக முற்றமும் இல்லை, வாய்க்காலும் இல்லை. படி படியாகக் குதித்து இறங்கி, நடுவீட்டுக் கதவடியில் நின்று யோசித்து, பிறகு வீட்டுக்கார அம்மாவின் கதவுக்குக் கீழால் உள்ளே போய்விட்டது. அவ செருப்போடு ஓடிவந்து கத்துகிறா. நடுவீட்டுப் பெண் கதவைத் திறந்து பார்த்துவிட்டு அடித்துச் சாத்தினா. நான் சுவெட்டரைக் கழற்றி, சேர்ட்டைக் கழற்றி, இரண்டாலும் துடைத்துப் பிழிந்து துடைத்துப் பிழிந்து, வெறும் மேலோடு படியில் குந்தியிருந்தேன். அவ பார்த்துக்கொண்டு நின்றா. பிறகு உள்ளே போய், ஒரு துணியைக் கொண்டுவந்து, அதை நனைத்து, ஒரு சொட்டு விழாமல் முறுக்கிப் பிழிந்து என்னுடைய கையில் வைத்தா.

ஹைமுக்கு வந்தால் அங்கே கதை எனக்கு முன்னம் வந்துவிட்டது.

‘அண்ணை, கிழவி வீட்டுக்குக் கும்பாபிசேகம் செய்தியளாம்?’

‘அடுத்த கிழமை மண்டலாபிசேகமோ?’

‘வீடு தராத வீட்டுக்குப் படி கழுவின முதல் ஆள் எங்கடை அண்ணைதான்!’

சிரிக்கட்டும் என்று விட்டேன். குளிர்காலம் முழுக்கப் போனேன். கதவை அடித்துச் சாத்தின நடுவீட்டுப் பெண், பிறகு நான் வருகிற நேரம் பார்த்துத் தன்னுடைய கால்மிதியைத் தூக்கிச் சுவரோடு சாத்தி வைக்கத் தொடங்கினா. பிறகு ஒருநாள் வணக்கம் சொன்னா. அந்தக் குடியிருப்பில் எங்களில் ஒருவனுக்குச் சொல்லப்பட்ட முதல் வணக்கம் அது. அதை வாங்கினவன் நான்.

இளவேனிலில் கிழவர் போனார். ஞாயிற்றுக்கிழமை வா, கதைக்கத் தெரிந்த ஆளையும் கூட்டிக்கொண்டு வா என்று வீட்டுக்கார அம்மா சொன்னா. கதைக்கத் தெரிந்த ஆள் ஹைமில் ஒருவர்தான். மாஸ்டர். ஊரில் பெரிய பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். நல்ல வெள்ளை நிறம். அகராதியை வைத்து டொச் படித்தவர். மனுசியும் அவரோடு ஹைமில் குடும்ப அறையில் இருந்தா, பிள்ளைத்தாச்சி. என்னைவிட வயதில் இளையவர், எனக்கு மரியாதையாக ‘அண்ணை’ என்பார். நான் அவரை ‘நீங்கள்’ என்றுதான் கதைப்பேன். ஊர்ப் பழக்கம், கடல் தாண்டியும் போகவில்லை.

அம்மா கேக் வைத்து, கோப்பி வைத்து வரவேற்றா. மாஸ்டர் கதைத்தார். அவ கதைத்தா. இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குக் கால்வாசிதான் விளங்கினது. சிரிக்கிறார்கள், சரிவந்துவிட்டது என்று நினைத்தேன். மேலே போய்ப் பார்த்தோம். சரிந்த கூரை, இரண்டு அறை, தண்டவாளப் பக்கம் ஒரு யன்னல். சின்ன அறையில் சரிவுக்குக் கீழே பிள்ளைகளுடைய கட்டிலைப் போட்டால் தலை இடிக்காது என்று கையால் அளந்து பார்த்தேன். இறங்கி வரும்போது அம்மா மாஸ்டருடைய கையைக் குலுக்கினா. எனக்குத் தோளில் ஒரு தட்டு.

தண்டவாளத்தைக் கடக்கிற இடத்தில் கேற் பூட்டியிருந்தது. ரயில் வரும்வரைக்கும் நின்றோம். அங்கேதான் மாஸ்டர் வாயைத் திறந்தார்.

‘அண்ணை, குறை நினைக்காதேங்கோ. வீட்டுக்கார மனுசி வீட்டை எனக்குத் தாறன் எண்டு சொல்லிப்போட்டா.’

‘உங்களுக்கோ?’

‘நான் கேக்கேல்லை அண்ணை, சத்தியமாய். குடும்பமாய் இருக்கிற ஆக்கள்தான் வேணுமாம். தனி ஆம்பிளை எண்டால் மற்ற வீட்டுக்காரர் பயப்பிடுவினமாம். உங்கடை மனுசி வந்த பிறகு உங்களுக்குப் பாப்பமாம்.’

‘மனுசி வாறதுக்குத்தானே மாஸ்டர் வீடு.’

‘விளங்குது அண்ணை.’

‘வீடு இருந்தால்தான் மனுசியை விடுவினம். மனுசி இருந்தால்தான் வீடு குடுப்பினம். அப்ப நான் எங்கை போய் முட்ட?’

அவர் தண்டவாளத்தைப் பார்த்தார். ‘நான் வேண்டாம் எண்டாலும் உங்களுக்குத் தரமாட்டா. இரண்டு பேருக்கும் இல்லாமல் போகும். நான் உள்ளுக்கை போனால் பிறகு உங்களுக்கும் ஒரு கதவு திறக்கும்.’

அது நியாயம். நியாயமாக இருந்தபடியால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம். ரயில் போய்க் கேற் திறந்தது. அவரை முன்னுக்கு விட்டு நான் பின்னால் நடந்தேன்.

அதற்குப் பிறகு என்னுடைய மேல் கட்டில் எனக்கு நரகம். முந்தி அந்த யன்னல்களில் முகம் தெரியாத சனம் இருந்தது. இப்போது ஒரு யன்னலில் யார் இருக்கிறார் என்று தெரியும். கூரைக்குக் கீழே மஞ்சள் சீலை போட்டார்கள். அது நான் அளந்து பார்த்த அறை. பிறகு அந்த யன்னலில் குழந்தை உடுப்புக் காய்ந்தது. மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தாலும் கண் அங்கேதான் போகும். ஒருநாள் போனேன். மாஸ்டருடைய மனுசி கத்தரிக்காய்ப் பால்கறி வைத்திருந்தா, வீடு முழுக்க வாசம். சோபாவில் இருத்தித் தேத்தண்ணி தந்தார்கள். ஊரில் என்றால் நான் அவருடைய வீட்டு வாசலைத் தாண்டியிருக்க மாட்டேன். இதைச் சொல்லத்தான் வேணும், அவர் அங்கே என்னை இருத்தினார். ஆனால் அந்தத் தேத்தண்ணி எனக்கு இறங்கவில்லை. சாமிக்கு விளக்கு எங்கே வைத்திருக்கிறார்கள், சட்டி பானை எங்கே அடுக்கியிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு, நான் என்றால் எங்கே வைத்திருப்பேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பலகை அவருடைய கதவுக்கு வந்தது. அந்தக் கிழமை மாஸ்டர் ஹைமுக்கு என்னைத் தேடி வந்தார்.

‘அண்ணை, ஒரு உதவி. இந்த முறை மட்டும் அந்தப் படியை நீங்கள் ஒருக்கா…’

‘ஏன் மாஸ்டர், துணி பிழியவும் டிப்ளோமா வேணுமோ?’

‘மனுசிக்கு இன்னும் ஏலாது.’

‘உங்களுக்கு?’

யாரும் கேட்கிறார்களோ என்று அவர் வாசலை எட்டிப் பார்த்தார். பிறகு மெல்லமாக, ‘எல்லாரும் மிதிக்கிற படி அண்ணை. வாசலிலை குந்தியிருந்து துடைக்க வேணும். எங்கடை பொடியளும் அந்த வழியாலைதான் போறாங்கள்’ என்றார்.

எனக்கு விளங்கிவிட்டது. ஊரில் அவர்களுடைய வீட்டில் அந்த வேலைக்கு வேறு ஆக்கள் இருந்தார்கள். வெள்ளைக்காரி வீடு தராமல் விட்டதுகூட எனக்கு அப்படிச் சுடவில்லை.

‘ஏலாது’ என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் என்ன நடக்கும்? படி கிடந்த மாதிரிக் கிடக்கும். அம்மா ‘நான் சொன்னேன்தானே’ என்பா. நடுவீட்டுப் பெண் கால்மிதியைத் திரும்ப விரிப்பா. மாஸ்டர் குழந்தையோடு ஹைமுக்கு வருவார். அந்தக் குடியிருப்பில் எங்களுக்கு இனிக் கதவே இல்லை. அவருக்கு மட்டுமில்லை, என் பிள்ளைகளுக்கும் இல்லை. வாளியை எடுத்துக்கொண்டு போனேன். மேலே தொங்கினது மாஸ்டருடைய பலகை, கீழே குந்தியிருந்தது நான்.

‘இந்த முறை மட்டும்’ என்றவர் அடுத்த முறையும் வந்தார், அதற்கு அடுத்த முறையும் வந்தார். பிறகு அவர் வரவும் தேவையில்லை, நானே பலகை பார்த்துப் போனேன். மாஸ்டர் அந்த நேரத்தில் மேலே இருந்து மற்றவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பினார், ரெலிபோன் எடுத்தார், கந்தோருக்குக் கூடப் போனார். அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. அவருடைய நாக்கும் வேலை செய்தது. என்னுடைய முழங்காலும் வேலை செய்தது.

ஒரு சனிக்கிழமை வாசல் கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரக் கிழவன் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, வீட்டுக்கார அம்மாவிடம் ஏதோ கேட்டான். என்னுடைய டொச் அப்போது கொஞ்சம் முன்னேறியிருந்தது.

‘இவன்தான் மேலே இருக்கிறவனோ?’

‘இல்லை. மேலே இருக்கிறவன் கதைப்பான். இவன் துடைப்பான்.’

‘இவனுக்கு வீடு எங்கை?’

‘இல்லை.’

அந்தக் கிழவன் என்னைப் பார்த்தான். நான் துணியைப் பிழிந்தேன். ஒரு சொட்டு விழவில்லை.

அவன் எனக்குத் தன்னுடைய வீட்டின் கீழ்ப்பகுதியைத் தந்தான். மனுசி வந்த பிறகு பார்ப்போம் என்று அவன் சொல்லவில்லை. பிராங்பேர்ட் விமானநிலையத்தில் பிள்ளைகள் இறங்கி வந்தபோது சின்னவளுக்கு என்னைத் தெரியவில்லை, தாயின் சீலைக்குப் பின்னால் ஒளித்தாள். அன்றைக்குப் பின்னேரம் நான் என்னுடைய யன்னல் சீலையை இழுத்து மூடினேன். பிறகு திறந்து, இன்னொருக்கா மூடினேன். மனுசி, ‘என்ன விளையாட்டு?’ என்று கேட்டா.

அதற்குப் பிறகு மற்ற வீடுகளும் ஒவ்வொன்றாகத் திறந்தன. எண்பத்தொன்பதில் அந்தத் தெருவில் நடந்தால் பல கதவடியில் எங்களுடைய செருப்புக் கிடக்கும். ‘அந்த நாட்டுக்காரர் படி நல்லாய்த் துடைப்பினம்’ என்று வீட்டுக்காரர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்களாம். எந்த நாட்டுக்காரர்? துடைத்தது ஒரு ஆள்தான். வந்து குடியேறினவர்களுக்கு அது தெரியாது. அவர்களுக்கு வீடு எடுத்துத் தந்தது மாஸ்டர், நன்றியும் அவருக்குத்தான் போனது. கலியாண வீட்டில் முதல் கதிரை அவருக்கு. பிள்ளைக்கு ஏடு தொடக்கவும் அவர்தான். நான் பின் வரிசையில் இருந்து பார்த்திருக்கிறேன். நான் கட்டின மண்டபத்தில், நான் வாங்கிப் போட்ட கதிரையில், பின் வரிசையில்.

இப்போது அந்தப் படத்துக்கு வருகிறேன். அது மாஸ்டருடைய பிள்ளையின் முதலாவது பிறந்தநாளுக்கு வாசலில் வைத்து எடுத்தது. காலமை அந்தக் கல்லைத் துடைத்தது நான். படம் எடுக்கிறவர் அவசரப்படுத்த, நான் ஒதுங்கி நின்றேன், வாளி அங்கேயே நின்றுவிட்டது. மாஸ்டர் அந்தக் காலத்தில் எனக்கும் ஒரு பிரதி தந்தவர். இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது. அதில் இடது ஓரத்தில் நீல வாளி தெரியும், வாளியின் விளிம்பில் என்னுடைய துணி தொங்குகிறது. மலரில் போட்டவர்கள் அந்த ஓரத்தை வெட்டிவிட்டார்கள். வடிவில்லை என்று வெட்டினார்களாம்.

மாஸ்டர் இப்போது வருத்தம் முற்றிப் படுக்கையாய்க் கிடக்கிறார். போய்ப் பார்த்தேன். மலரைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு நிறைய நேரம் பார்த்தார். ‘வாளியைக் காணேல்லை, அண்ணை’ என்றார். அதைச் சொன்னாரே, அந்தளவுக்கு நான் அவரை மதிக்கிறேன். அவருடைய பேரை எடுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அவர் நின்ற இடத்தில் நிற்கட்டும்.

ஆனால் மலர்க்குழுத் தம்பிமாருக்கு ஒன்று சொல்லுகிறேன். அடுத்த மலரில் அந்தப் படத்தைத் திரும்பப் போடுங்கோ. என்னிடம் இருக்கிற பிரதியைத் தாறன், ஓரம் வெட்டாமல் போடுங்கோ. கீழே, கதவால் உள்ளே போனவர் இவர் என்று எழுதுங்கோ. அதற்குப் பக்கத்தில், அந்தக் கதவு திரும்ப மூடாமல் படி துடைத்தவர் இன்னார் என்று என்னுடைய பேரையும் எழுதுங்கோ. அதே அளவு எழுத்தில்.